அந்தமான் தீவிலிருந்து தூரத்து ஏ.எம். வானொலிகளைப் பிடிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

போர்ட் பிளேயரிலிருந்து நேர்கோட்டில் சென்னை சுமார் 1,360 கிலோமீட்டர், கொல்கத்தா சுமார் 1,300. அலைவரிசைப் பட்டியல்களில் சென்னை 720 கிலோஹெர்ட்ஸ், கொல்கத்தா 657 கிலோஹெர்ட்ஸ், இரண்டுக்கும் சக்தி 200 கிலோவாட். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில்தானே கேட்க வேண்டும்? கேட்காது. கொல்கத்தா எளிதாக வரும், சென்னைக்கு மெனக்கெட வேண்டும். ஏன் என்பது பின்னால் வருகிறது. அதைப் புரிந்துகொண்டால் மத்திய அலை வேட்டையில் பாதி புரிந்த மாதிரி.

ஏ.எம். என்று இங்கே சொல்வது மீடியம் வேவ், அதாவது 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள மத்திய அலை. சிற்றலையில் உலகின் மறுகோடியைக் கேட்பது பெரிய விஷயமில்லை, அது அதற்காகவே உள்ள அலை. மத்திய அலை உள்ளூருக்காக ஏற்பட்டது. அதில் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டிப் பிடிப்பதில்தான் ருசி. டி.எக்ஸிங் என்று இந்தப் பொழுதுபோக்குக்குப் பெயர். தமிழ்நாட்டிலும் இதில் ஊறியவர்கள் கணிசமாக உண்டு.

ஏன் தீவு?

முதல் காரணம் கடல். உப்புநீர் நல்ல மின்கடத்தி, காய்ந்த மண்ணைவிடப் பல நூறு மடங்கு. தரையை ஒட்டி வரும் அலை நிலத்தில் சீக்கிரம் தேய்ந்துபோகும், கடல் மேல் நெடுந்தூரம் போகும். இரவில் வானத்திலிருந்து திரும்பி வரும் அலைக்கும் கரையோரம் கூடுதல் லாபம் உண்டு. தாழ்வான கோணத்தில் வரும் அலையைக் கடல் விழுங்காமல் விடுவதால், தண்ணீரிலிருந்து சில நூறு மீட்டருக்குள் இருந்தால் ஏரியல் எதுவும் மாற்றாமலே சத்தம் கூடும்.

இரண்டாவது காரணம் அமைதி. நகரத்தில் எல்.இ.டி. பல்பு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர், லிஃப்ட் எல்லாம் சேர்ந்து மத்திய அலை முழுக்க இரைச்சலைக் கொட்டுகின்றன. தீவில் வீடுகள் குறைவு, இரைச்சலும் குறைவு. ஆனால் தீவுக்குப் போய்விட்டால் தானாக அமைதி வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ரிசார்ட் என்றால் ஏசி, டீசல் ஜெனரேட்டர், சோலார் கன்ட்ரோலர் எல்லாம் இருக்கும். அறை எடுப்பதற்கு முன் கையில் ஒரு பாக்கெட் ரேடியோவுடன் வளாகத்தை ஒரு சுற்று வாருங்கள். காலியான இடத்தில் வைத்துக் கேட்டால் மெல்லிய 'ஷ்ஷ்' மட்டும் வர வேண்டும். 'கர்ர்' என்றோ 'டிக் டிக்' என்றோ வந்தால் வேறு இடம் பாருங்கள். மின்வெட்டு வந்தால் மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள், நமக்கு அது பொற்காலம்.

எந்தத் தீவு, எந்தக் கரை?

போர்ட் பிளேயரிலேயே (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது) ஆகாசவாணி நிலையம் 684 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது, பட்டியல்படி 100 கிலோவாட். ஊருக்குள் உட்கார்ந்தால் அது ரேடியோவையே திணறடிக்கும். ஆகவே கப்பலேறி வேறு தீவுக்குப் போவது நல்லது.

எந்தத் தீவு என்பதில் ஒரு கணக்கு உண்டு. ரேடியோவுக்குள் இருக்கும் ஃபெரைட் தண்டு, அதாவது மெல்லிய ஒயர் சுற்றிய கறுப்புத் தண்டு, திசை பார்த்து வாங்கும் ஏரியல். தண்டின் பக்கவாட்டிலிருந்து வரும் அலையை நன்றாக வாங்கும், தண்டின் இரு முனைகளும் சுட்டும் திசையிலிருந்து வருவதை ஏறக்குறைய முழுசாகத் தவிர்க்கும். அந்தத் திசையை மௌனத் திசை என்று வைத்துக்கொள்வோம். 684-ஐ அடக்க, தண்டின் முனையை போர்ட் பிளேயரை நோக்கித் திருப்பினால் போதும். மௌனத் திசை இரண்டு பக்கமும் வேலை செய்யும் என்பதுதான் சிக்கல்.

டாக்காவின் 693-ஐப் பிடிக்க வேண்டும் என்று வையுங்கள். அது 684-க்கு அடுத்த வீடு. வடக்கு அந்தமானில் திக்லிபூரில் இருந்தால் போர்ட் பிளேயர் தெற்கே, டாக்கா வடக்கே. 684-ஐ அடக்கினால் எதிர்ப்பக்கம் டாக்காவும் அடங்கிவிடும். லிட்டில் அந்தமானில் ஹட் பேயில் இருந்தால் இரண்டுமே வடக்கே, அங்கும் அதே கதை. ஹேவ்லாக்கில் (ஸ்வராஜ் தீவு) போர்ட் பிளேயர் தென்மேற்கே, டாக்கா ஏறக்குறைய வடக்கே, கொல்கத்தா வடமேற்கே, சென்னை மேற்கே. 684-ஐ அடக்கிய பிறகும் மற்ற மூன்றும் பெருமளவு மிஞ்சும். அதனால்தான் என் ஓட்டு ஹேவ்லாக்குக்கு. கப்பல் வசதியும் சாப்பாட்டு வசதியும் அங்கே தாராளம் என்பது உபரி.

இந்திய நிலையங்களுக்கு மேற்குக் கரை நல்லது, ராதாநகர் பக்கம். தாய்லாந்து, மியான்மருக்குக் கிழக்குக் கரை, விஜயநகர் அல்லது காலாபத்தர். கிழக்குக் கரையில் தங்கும் விடுதிகள் கடலை ஒட்டியே இருப்பதால் ராத்திரியில் உட்காருவது சுலபம்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நமக்கு வேண்டிய நேரம் அந்திப்பொழுதும் விடியலும். உப்புநீர் முதலைக்கும் அதேதான். 2010-இல் ஹேவ்லாக்கிலேயே ஒரு சுற்றுலாப் பயணி முதலைக்குப் பலியானார். கழிமுகம், அலையாத்திக் காடு, ஓடை கடலில் சேரும் இடம் பக்கம் இருட்டில் போகவே வேண்டாம். தண்ணீரிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி மேட்டில் உட்காருங்கள், அலைவரிசையில் ஒன்றும் குறைந்துவிடாது.

அனுமதி

வானொலி கேட்பதற்கு இந்தியாவில் லைசென்ஸ் தேவையில்லை, அந்தக் காலம் 1980களோடு போயிற்று. ஒலிபரப்புவதற்கு மட்டும்தான் வேண்டும். ஆனாலும் அந்தமான் ராணுவ முக்கியத்துவம் உள்ள இடம். கடற்கரையில் கம்பி கட்டி, ஹெட்போன் மாட்டி, லேப்டாப்புடன் இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். விடுதிக்காரரிடமும் அருகிலுள்ள காவல் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ள கடற்கரைகளில் இருட்டிய பின் இருக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழங்குடியினர் பாதுகாப்புப் பகுதிகள் பக்கம் எந்தக் காரணத்துக்காகவும் போகக்கூடாது.

அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு அந்தமான் என்றாலே 2004 டிசம்பர்தான். பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு ஒலிபரப்பு அனுமதி வாங்கி போர்ட் பிளேயரிலிருந்து உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தது. 26-ஆம் தேதி காலை சுனாமி. பொழுதுபோக்காக ஆரம்பித்த நிலையம் அன்றே அவசரத் தகவல் மையமாக மாறியது.

எப்போது போவது?

இரண்டு பருவமழையும் அந்தமானைத் தொடும். இடி மின்னல் இருக்கும் வரை மத்திய அலையில் 'சடசட' என்று வெடித்துக்கொண்டே இருக்கும், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மின்னினாலும் காதில் விழும். டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரைதான் சுகம். ஏப்ரலில் கோடை இடி தொடங்கிவிடும்.

நேரம் இன்னும் முக்கியம். வானத்து உயரத்தில் மின்னூட்டம் பெற்ற காற்று அடுக்கடுக்காக இருக்கிறது, அதுதான் அயனமண்டலம். பகலில் அதன் கீழடுக்கு, டி அடுக்கு என்பார்கள், மத்திய அலையைக் குடித்துவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துபோகும். மேலே உள்ள அடுக்குகள் அலையைத் திருப்பி அனுப்பத் தொடங்கும். இதில் அந்தமானுக்கு ஒரு வசதி. தீவு இருப்பது கிழக்கே 93 பாகையில், கடிகாரம் ஓடுவதோ இந்திய நேரத்தில். டிசம்பர் கடைசியில் மாலை சுமார் ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும். சென்னையில் மறைய இன்னும் ஐம்பது நிமிடம் ஆகும்.

ஆகவே மாலையில் நிலையங்கள் கிழக்கிலிருந்து வரிசையாக வரும். நாலரைக்கே தாய்லாந்து, மியான்மர் தலைகாட்டலாம். பிறகு டாக்கா, ஐந்து மணியை ஒட்டி கொல்கத்தா, ஆறு மணிக்கு மேல் சென்னை, திருச்சி. விடியலிலும் இதே வரிசைதான்: கிழக்கு முதலில் அணையும். ஐந்தரை மணிவாக்கில் தீவில் சூரியன் எழும்போது தமிழ்நாட்டில் இன்னும் ஒரு மணி நேர இருட்டு பாக்கி. ஆகாசவாணி நிலையங்கள் தங்கள் அடையாள இசையோடு காலையில் விழித்துக்கொள்வதும் இந்த நேரத்தை ஒட்டித்தான். 1936-இல் வால்டர் காஃப்மன் அமைத்த அந்த இசையைக் கடலுக்கு அப்பாலிருந்து கேட்க வேண்டுமென்றால் அலாரம் வைத்து எழுந்திருங்கள். சாயங்காலத்தைவிட விடியற்காலையையே நான் முதலில் சிபாரிசு செய்வேன். கூட்டம் குறைவு, இரைச்சல் குறைவு.

இரவு பதினொரு மணிவாக்கில் பல இந்திய நிலையங்கள் ஓய்ந்துவிடும். அவை விட்டுப்போன இடத்தில் ஈரான், வளைகுடா நாடுகளின் குரல்கள் எட்டிப்பார்க்கும். தூக்கத்தை விடத் தயாராக இருப்பவர்களுக்கு அது தனி உலகம்.

கருவிகள்

பணத்தை இதில் கொட்ட வேண்டியதில்லை. கிலோஹெர்ட்ஸ் எண்ணைத் துல்லியமாகக் காட்டும் டிஜிட்டல் ரேடியோ ஒன்று, அலை அகலத்தைக் குறுக்கும் வசதியுடன் இருந்தால் போதும். டெக்சன் பி.எல்.330, எக்ஸ்.எச்.டேட்டா டி808 போன்றவை கைக்கடக்கமானவை. வாங்கியதும் முதல் வேலை, ஏ.எம். படியை 9 கிலோஹெர்ட்ஸாக மாற்றுவது. அமெரிக்கக் கண்டத்தில் 10, நம் பக்கம் 9. பழைய பிலிப்ஸ், மர்ஃபி பெட்டி வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துப் போகலாம், காதுக்கு இதமாக இருக்கும். முள் காட்டும் இடத்தை மட்டும் நம்பாதீர்கள்.

கம்ப்யூட்டரோடு இணைக்கும் எஸ்.டி.ஆர். கருவி இருந்தால் மத்திய அலை முழுவதையும் ஒரே நேரத்தில் பதிவுசெய்து, ஊருக்கு வந்து நிதானமாக ஒவ்வொரு அலைவரிசையாகக் கேட்கலாம். இரண்டு மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு 16 பிட் பதிவு என்றால் மணிக்குச் சுமார் 29 ஜி.பி. ஆகும். முழு இரவையும் பதிவுசெய்வது வீண். ஒவ்வொரு மணிக்கும் அரை மணிக்கும் முன்னே பின்னே மூன்று நிமிடம் போதும், நிலையத்தின் பெயர் சொல்வது பெரும்பாலும் அப்போதுதான். லேப்டாப்பை பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். சார்ஜர் செருகினால் அதன் இரைச்சல்தான் பதிவாகும்.

கையால் ஒரு லூப் செய்வது

லூப் என்பது ஒயரைச் சுற்றிச் செய்யும் வளைய ஏரியல். கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான். மரச் சட்டத்தை சிலுவை வடிவில் கட்டி, பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர் வரும்படி சதுரமாக ஒயர் சுற்ற வேண்டும். சாதாரண இன்சுலேஷன் உள்ள ஒயர் 30 மீட்டர் போதும், 10 முதல் 12 சுற்று, சுற்றுக்குச் சுற்று அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக இடைவெளி. ஒயரின் இரு முனைகளையும் பழைய ரேடியோவிலிருந்து எடுத்த கேங் கண்டென்சரில் (நிலையம் மாற்றும் குமிழோடு சுழலும் தகடுகள் கொண்டது) சேர்த்துவிடுங்கள். 365 பிகோஃபாரட் அல்லது அதற்கு மேல் உள்ளது நல்லது. சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவில் தேடினால் அகப்படலாம்.

வேறு இணைப்பே கிடையாது. ரேடியோவை லூப்பின் அருகே, உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டு லூப்பின் தளத்துக்குச் செங்குத்தாக இருக்கும்படி வையுங்கள். ரேடியோவில் அலைவரிசையை வைத்துக்கொண்டு கேங்கை மெதுவாகத் திருப்பினால் ஓரிடத்தில் சத்தம் திடீரென்று எழும். 531 பக்கம் எட்டவில்லை என்றால் ஒரு சுற்று கூட்டுங்கள், 1602 பக்கம் எட்டவில்லை என்றால் ஒன்றைக் குறையுங்கள். உப்புக்காற்று கேங்கை ஒரே வாரத்தில் பாழாக்கிவிடும். வேலை முடிந்ததும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள்.

கடற்கரை என்றதும் பலர் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்குத் தாழ்வாக ஒயர் இழுக்கும் பெவரேஜ் ஏரியலைப் பற்றிக் கேட்பார்கள். அதற்கு மின்சாரத்தை மோசமாகக் கடத்தும் தரை வேண்டும். உப்பு ஊறிய ஈர மணலில் அது சோபிக்காது. அதற்குப் பதில் எஸ்.டி.ஆர். வைத்திருப்பவர்கள் ஒரு முனையில் ரெசிஸ்டர் போட்ட முக்கோண லூப்பைக் கட்டலாம். அதற்குத் தரை இணைப்பு வேண்டாம். ரெசிஸ்டர் ஆயிரம் ஓம் சுற்றுவட்டாரத்தில் இருக்கும், மாற்றக்கூடியதாக இருந்தால் நல்லது. ரெசிஸ்டர் உள்ள பக்கத்திலிருந்து வருவதை மட்டும் அடக்கும், எதிர்ப்பக்கத்தை வாங்கும். திக்லிபூர்ச் சிக்கலுக்கு இதுவே மருந்து: ரெசிஸ்டர் முனையை தெற்கே வைத்தால் 684 அடங்கும், டாக்கா நிற்கும்.

உட்கார்ந்து தேடும் முறை

முதலில் நண்பகலில் ஒரு முறை 531-இலிருந்து 1602 வரை போய், என்னென்ன கேட்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். பகலில் வருவதெல்லாம் உள்ளூர் அல்லது கடல் மேல் நேராக வந்தது. அந்தப் பட்டியல்தான் அடிப்படை. மாலையில் அதில் இல்லாத எது வந்தாலும் அது வானத்திலிருந்து வந்தது.

நம் பக்கத்து மத்திய அலை எண்கள் எல்லாம் ஒன்பதின் பெருக்கல். இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள்: 720 என்றால் 9, 657 என்றால் 18, 1053 என்றால் 9. கூட்டல் ஒன்பதில் அடங்காத எண்ணில் ஏதாவது பாடினால் அது பெரும்பாலும் ரேடியோவின் பிரமை அல்லது பக்கத்து சார்ஜர். ஆனால் இந்தச் சோதனையை ஏமாற்றும் ஒன்று இங்கே உண்டு. 684-இன் இரட்டிப்பு 1368. அதுவும் ஒன்பதின் பெருக்கல்தான். வலுவான உள்ளூர் அலையால் ரேடியோ திணறினால் 1368-இல் போர்ட் பிளேயரே கேட்கும். புது நிலையம் கிடைத்துவிட்டது என்று குதிப்பதற்கு முன் 684-ஐயும் வைத்து ஒப்பிட்டுவிடுங்கள்.

மாலையில் தேட வேண்டியவை, பட்டியல்களில் உள்ளபடி: மேற்கு வங்கத்தின் சின்சுரா 594 (1,000 கிலோவாட்), கொல்கத்தா 657, டாக்கா 693, சென்னை 720, விஜயவாடா 837, இலங்கையின் புத்தளம் 882, விசாகப்பட்டினம் 927, திருச்சி 936, கட்டாக் 972, தூத்துக்குடி 1053. கிளம்பும் வாரத்தில் எம்.டபிள்யூ.லிஸ்ட் போன்ற இணையப் பட்டியலை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். நிலையங்கள் மூடப்படுவதும் சக்தி குறைக்கப்படுவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. சில அலைவரிசைகளில் பேச்சே இல்லாமல் ஒரே சீரான 'சர்ர்' மட்டும் கேட்கும். அது இரைச்சல் அல்ல, டி.ஆர்.எம். டிஜிட்டல் ஒலிபரப்பு.

டாக்காவுக்குத் திரும்புவோம். ஹேவ்லாக்கில் தண்டின் முனையை தென்மேற்கே திருப்பி 684-ஐ முடிந்தவரை அடக்குங்கள். ரேடியோவைக் கொஞ்சம் சாய்த்தும் பாருங்கள், சாய்வில் இன்னும் குறையும். பிறகு 693-இல் மேல்பக்கப் பட்டையை, அதாவது அலையின் மேல் பாதியை மட்டும் கேளுங்கள், ரேடியோவில் யு.எஸ்.பி. என்று இருக்கும். 684-இன் சிதறல் கீழ்ப்பக்கத்தில்தான் விழும் என்பதால் மேல்பக்கம் தெளியும்.

இப்போது சென்னை. பூமியின் காந்தநடுக்கோடு தென்னிந்தியாவை ஒட்டிக் கடந்து அந்தமான் நிக்கோபார்ப் பக்கம் போகிறது. இந்த வட்டாரத்தில் காந்தப்புலம் ஏறக்குறைய தரைக்கு இணையாக, தெற்கு வடக்காகக் கிடக்கிறது. செங்குத்துக் கோபுரத்திலிருந்து கிளம்பிக் கிழக்கு மேற்காகப் போகும் மத்திய அலைக்கு இது சத்துரு. அலையின் பெரும்பகுதி அயனமண்டலத்தில் நன்றாகக் கடந்துபோகக்கூடிய வடிவத்துக்கு மாறாமல் அங்கேயே கரைந்துவிடும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு. பரிந்துரைக்கும் கணக்குமுறையில் போட்டால் சென்னை–அந்தமான் பாதையில் இரு முனையும் சேர்ந்து இந்த இழப்பு 20 டெசிபலைத் தாண்டுகிறது. 200 கிலோவாட் நிலையம் 2 கிலோவாட் போல ஆகிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்கு வடக்காக வரும் கொல்கத்தாவுக்கு இந்த அபராதம் ஏறக்குறைய இல்லை. டாக்காவுக்கும் யாங்கூனுக்கும் இல்லை.

அதனால் சென்னைக்கு எல்லாச் சலுகையும் தேவை: மேற்குக் கரை, தண்ணீருக்கு அருகே, லூப், விடியற்காலை. முதலில் வழக்கப்படி தண்டை தெற்கு வடக்காக வைத்து மேற்கைக் கேளுங்கள். பிறகு தண்டின் முனையைச் சென்னையை நோக்கியே திருப்பிப் பாருங்கள். பாடப்படி அது மௌனத் திசை. ஆனால் காந்தநடுக்கோட்டருகே வந்துசேரும் அலையின் அதிர்வு கிடைமட்டமாகத் திரும்பியிருக்கக்கூடும் என்பதால், சில சமயம் அந்தத் திசையிலும் நிலையம் நிற்கும். எது நன்றாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், ஐந்து நிமிடமாவது பொறுத்திருங்கள்.

யார் பேசுவது என்று கண்டுபிடிப்பது

கடிகாரம் நல்ல துப்பு. வங்கதேசம் நமக்கு அரை மணி முன்னே, மியான்மர் ஒரு மணி, தாய்லாந்தும் மேற்கு இந்தோனேசியாவும் ஒன்றரை மணி, சீனா இரண்டரை மணி. நம் கடிகாரத்தில் அரை மணிக்கு 'பீப்' ஒலித்துச் செய்தி தொடங்கினால் அது இந்தியாவோ இலங்கையோ மியான்மரோ அல்ல என்று பெரும்பாலும் சொல்லலாம். தாய்லாந்தில் அந்த ஊர் நேரம் மாலை ஆறு மணிக்குத் தேசிய கீதம் ஒலிக்கும், நமக்கு அது நாலரை. அந்தியின் முதல் பரிசு அதுதான்.

ஆகாசவாணியில் வேறொரு தொல்லை. டெல்லிச் செய்தியைப் பல நிலையங்கள் ஒரே நேரத்தில் அஞ்சல் செய்கின்றன. மாநிலச் செய்தியும் அப்படித்தான். தமிழ் கேட்டது என்பதற்காகச் சென்னை என்று எழுதிவிடாதீர்கள். செய்தி முடிந்ததும் உள்ளூர் அறிவிப்பாளர் நிலையத்தின் பெயரைச் சொல்வார், அதற்காகக் காத்திருங்கள். மொழி தெரியாத நிலையம் என்றால் மொபைலில் முப்பது வினாடி பதிவுசெய்து, அந்த மொழி தெரிந்தவரிடம் போட்டுக் காட்டலாம். அந்தமானில் வங்காளிக்கும் தெலுங்கருக்கும் பஞ்சமில்லை. பக்கத்து டீக்கடையிலேயே விடை கிடைக்கும்.

நிலையத்துக்கு எழுதுவது

கேட்டதை அறிக்கையாக அனுப்பினால் சில நிலையங்கள் க்யூ.எஸ்.எல். அட்டை அனுப்பி உறுதிசெய்யும். ஆகாசவாணியும் அனுப்பியிருக்கிறது. அறிக்கையில் தேதி, உலக நேரம் (இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும், காலை ஐந்தரைக்கு முன் என்றால் தேதியும் ஒரு நாள் பின்னே போகும்), அலைவரிசை, இருந்த இடம், ரேடியோவும் ஏரியலும், கேட்ட நிகழ்ச்சியின் விவரம் இருக்க வேண்டும். பாட்டு கேட்டது என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு என்ன பாட்டு, அறிவிப்பாளர் ஆணா பெண்ணா, என்ன விளம்பரம் என்று பத்துப் பதினைந்து நிமிடத்துக்காவது எழுதுங்கள். தரத்தைச் சின்போ குறியீட்டில், ஐந்து இலக்கமாகக் கொடுப்பது வழக்கம்: அலையின் வலு, குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்த மதிப்பு. ஹேவ்லாக்கில் சென்னைக்கு 23222 என்று எழுத நேர்ந்தால் கூச்சப்பட வேண்டாம், இந்தப் பாதைக்கு அது மரியாதையான எண்தான். ஒலிப்பதிவையும் இணைத்து அனுப்புங்கள்.